கிண்ணத்தில் கவிழ்த்த சோறு

என் தொப்பையைப் பார்த்தவர்கள் யாரும் என்னைப் பசி தீர்க்கும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். மகளிர் குழுத் தலைவி கூப்பிட்டார். அவர்தான் நான் சமையல் மாஸ்டராக இருக்கும் ஹோட்டலுக்கு மீன் கொண்டுவருகிறவர். செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை என்பதும், அன்று முழுக்க வீட்டில் கிடந்து மனைவியின் சமையலில் குறை கண்டுபிடிப்பேன் என்பதும் அவருக்குத் தெரியும். மனைவிதான் சொல்லியிருக்க வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் அது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. ஏலக்கூடத்தில் மீன் வெட்டிக் கொடுத்துப் பிழைக்கும் பெண்களுக்கு வேலையில்லை. தடை முடியும்வரை அங்கேயே ஒரு மூலையில் மதியச் சோறு போடுவது என்று குழு முடிவு செய்தது. அரிசி, கடைக்காரர்களும் சுற்றுக் கிராமத்து விவசாயிகளும் கொடுத்தது. பாத்திரமும் அடுப்பும் குழுவுடையது. சமைக்க, ஏழு நாளுக்கு ஏழு ஹோட்டல் மாஸ்டர்கள், அவரவர் விடுமுறை நாளில்.

முதல் நாள் என்னுடையது. அதனால் சட்டம் போடும் பாக்கியமும் எனக்கே வாய்த்தது. ஹோட்டலில் சோற்றைக் கிண்ணத்தில் அழுத்தி, தட்டில் கவிழ்த்து, உச்சியில் ஒரு கொத்தமல்லி இலை வைப்போம். வெள்ளைக்காரர்கள் சாப்பிடுவதற்கு முன் அதைப் படம் எடுப்பார்கள். இங்கேயும் அதே கிண்ணம்தான் என்றேன். வரிசையில் வந்து ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. அதுதான் நியாயம் என்று சின்னதாக ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த வெயிலில் யாருக்கும் தலை ஆடும்.

மீன் வெட்டும் ஓர் அக்கா தட்டை வாங்கிப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டியவர், விரலெல்லாம் பழைய கத்திக் காயம்.

"இன்னா மாஸ்டரே இது?"

"சோறுக்கா."

"சோறு தெரியுது. யாரு செத்துட்டா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இலையைத்தான் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, நான் அதை மட்டும் எடுத்துவிட்டேன். அவர் தட்டை அலுங்காமல் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். ஒருவர் போனதைப் பெரிதாக நினைக்காமல் நான் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த செவ்வாய் தலைவி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அந்த அக்கா வாரம் முழுக்க வரவில்லையாம். காலையும் மாலையும் டீயோடு சரி. முந்தாநாள் ஏலக்கூடத்துப் படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாராம்.

"நீ அவங்கள இன்னா சொன்ன?"

"நான் ஒண்ணுமே கேக்கல, சொல்லல."

"கேக்கலயில்ல? அதான். போய்க் கூட்டினு வா."

அக்கா வலை காயப்போட்டிருந்த கொட்டகை நிழலில் இருந்தார். உதடு உலர்ந்திருந்தது. வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"படையல் கொண்டாந்தியா மாஸ்டரே?"

"தப்பு இன்னான்னு சொல்லுக்கா. திருத்திக்கிறேன்."

"உங்க வூட்டுல உனக்கு எத்தினி வாட்டி சோறு வெப்பாங்க?"

நான் குனிந்து என் வயிற்றைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"கணக்கு இல்லக்கா."

"எங்களுக்கு மட்டும் ஒரு வாட்டியா? ஒரு வாட்டி வெச்சு நிறுத்துறது செத்தவங்களுக்குய்யா. உருட்டி வெக்கிறதும் அவங்களுக்குத்தான். உசுரோட இருக்கிறவங்கள, இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமான்னு கேப்பாங்க. போதும்னு நாங்க சொல்லணும். அதையும் நீயே சொல்லிட்ட."

எனக்குத் தெரியாத வழக்கமா இது? கையால் தட்டை மறைத்தாலும் விரலிடுக்கில் இரண்டாம் முறை நாலு பருக்கையாவது போடாமல் என் அம்மா விட்டதில்லை. அதே நான், இல்லாதவர்களுக்குச் சமைக்க வந்ததும் அளவுக் கிண்ணத்தோடு வந்து நின்றேன். எல்லோருக்கும் ஒரே அளவு என்பதில் நியாயம் இருக்கிறது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த அளவை நான் யாரைக் கேட்டு வைத்தேன்?

"கடைசில வர்றவங்களுக்குப் பத்தலன்னா?" என்றேன். அந்தப் பயம் உண்மையானது.

"அவங்களும் எங்க ஆளுங்கதான். உனக்கு மட்டுந்தான் அந்தக் கவலையா? நீ கேட்டுப் பாரு."

அன்று கிண்ணத்தைப் பைக்குள் போட்டேன். வரிசையை விட்டுவிட்டுப் பந்தியாக உட்கார வைத்தோம். முதலில் கொஞ்சமாகப் பரிமாறினோம். பிறகு ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டோம். பலர், உட்காரக் காத்திருப்பவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டை மறைத்தார்கள். எல்லோரும் அப்படியில்லை. வலை பின்னுகிற ஒருவர் நான்கு முறை வாங்கினார். அவரிடம் எனக்கு ஒரு சொந்தம் தோன்றியது. கடைசியில் தலைவிக்கும் எனக்கும் மிஞ்சியது அடிப்பிடித்த சோறுதான். மறுநாளிலிருந்து ஒரு படி அரிசி கூடப் போட வேண்டியிருந்தது.

அக்கா கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். சோறு வைத்து, கருவாட்டுக் குழம்பை ஊற்றினேன். தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமாக்கா?"

தட்டு மட்டும் என் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. வைத்தேன். மறுபடி கேட்டேன், மறுபடி நகர்ந்தது. மூன்றாம் முறை கேட்டபோது, காயம்பட்ட விரல்களைத் தட்டின் மேல் விரித்துப் பிடித்தார்.

"போதும்."

பிறகு குழம்பை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "கருவாட்டுல உப்பு இருக்கும்னு உங்க ஹோட்டல்ல சொல்லித் தரலியா?"

"அடுத்த செவ்வாய் குறைச்சுப் போடறேன்க்கா."

"போடு. வந்து பாக்கறேன்" என்று தட்டைக் கழுவ எழுந்து போனார்.