அப்பா வீட்டுச் சீலிங், அத்தை வீட்டுச் சுவர்

சின்னமனூரில் நான் வாழ வந்த வீட்டில் எனக்குக் கிடைத்தது தகரக் கூரை போட்ட அறை. சித்திரை வெயிலில் அதற்குள் பருப்பைக் கொட்டி வைத்தால் வெந்துவிடும். கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. தேனி பஜாரில் கடை வைத்திருந்த என் அப்பா வந்து பார்த்துவிட்டு, ஆசாரியையும் அட்டைகளையும் லாரியில் ஏற்றி அனுப்பினார். ஆசாரி கூரை மரத்திலிருந்து சட்டங்களைத் தொங்கவிட்டு, அட்டை அடித்துச் சீலிங் போட்டார்.

சீலிங்கும் சுவரும் சேருகிற இடம்தான் வம்பு. சுற்றிலும் விரல் நுழைகிற சந்து. எலிப்புழுக்கையும் தூசியும் தொட்டிலில் விழுந்தன. சிமெண்டை அப்பிப் பார்த்தார்கள். ஒரு வாரம்கூடத் தாங்காமல் நான்கு பக்கமும் வெடித்துவிட்டது.

"தகரம் சுட்டா மரம் அசையும், செவரு அசையாதுத்தா. ரெண்டையும் ஒட்ட வைக்க முடியாது. செவத்துல ஒரு பட்டைச் சட்டம் அடிச்சுட்டா சந்து மறைஞ்சிரும்" என்றார் ஆசாரி.

மாமியார் வாசலை மறித்து நின்றார். "ஒங்கப்பன் வீட்டுச் சீலிங்குக்கு என் செவத்துல ஆணியா? ஒரு ஆணி எறங்கக் கூடாது."

நான் கணவரைப் பார்த்தேன். "அம்மாதான் சொல்றாகள்ல" என்று சட்டையை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆணியை எங்கே அடித்திருப்பேனோ!

ஆசாரி பட்டைச் சட்டத்தைச் சீலிங்கிலேயே அடித்து, சுவரைச் சும்மா உரசி நிற்கும்படி இழைத்துவிட்டார். சந்து மறைந்தது. அறையும் குளிர்ந்தது. குளிர்ந்த மறுநாளே மாமியாரின் கட்டில் அங்கே வந்துவிட்டது. நானும் பிள்ளையும் அடுப்படியில் கிடந்தோம். ஆறியிருந்த வேர்க்குரு மறுபடி பிள்ளையின் கழுத்தெல்லாம் ஏறியது.

"அத்தை, மத்தியானமாவது பிள்ளை அங்கன படுக்கட்டும்" என்று கேட்டேன்.

"அறை என்னுது. பிடிக்கலேன்னா ஒங்கப்பன் வீட்டுச் சீரைக் கழட்டிக்கிட்டுப் போ" என்றார், கண்ணைக்கூடத் திறக்காமல்.

அப்பாவுக்கு ஆள் அனுப்பினேன். ஆசாரி லாரியோடு வந்தார். சுவரில் ஓர் ஆணி இல்லையே, சீலிங் முழுசாகக் கழன்று வந்தது. மாமியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தகரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நெசமாவே கழட்டிட்டியாடி?"

"ஒங்க செவத்துல ஒரு கீறல் இல்ல அத்தை, தடவிப் பாத்துக்கங்க" என்றேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறினேன். அந்தச் சித்திரையை அவர் எப்படிக் கழித்தாரென்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.