லாஞ்சு லட்சுமிக்கு வாய்த்த அண்ணன்

நினைவு மலரில் போடப்போகிற புகைப்படத்தை வாசகசாலைக்காரர்கள் எனக்கும் அனுப்பியிருக்கிறார்கள். கறுப்புக் கோட்டு, தங்க பிரேம் கண்ணாடி, மடியில் குடை, மூக்கின் இடப்பக்கம் அந்தப் பெரிய மரு. சந்தேகமே இல்லை, செக்ரட்டரி மாமாதான். பம்பாய் மாதுங்காவில் எங்கள் தெருத் தமிழர்களின் வாசகசாலையைப் பல வருஷம் கட்டி ஆண்டவர். பெண் குழந்தைகளிடம் வாசிப்பை வளர்த்தவராம். அந்தப் பெண் குழந்தைகளில் ஒருத்தியான நான் அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரவேண்டுமாம். போனில் கேட்ட பையன் மாமாவைப் பார்த்ததே இல்லை, புண்ணியம் செய்தவன். எழுதித் தருகிறேன் என்றேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

வாசகசாலைக்கு எந்தப் புத்தகம் வந்தாலும் முதலில் மாமா வீட்டுக்குத்தான் போகும். அவர் அதை வரி விடாமல் படித்து, எங்களுக்கு ஆகாது என்று தோன்றிய பக்கங்களை மைதாப் பசை தடவி ஒன்றோடொன்று ஒட்டிவிடுவார். தனக்கு மட்டும் ஆகும் போலிருக்கிறது. நாங்கள் அந்தப் பக்கங்களை இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்தோம். எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தே புத்தகம் எடுத்தோம். அந்த வகையில் அவர் வாசிப்பை வளர்த்தார் என்பதை நான் மறுக்கவில்லை.

அறுபதுகளின் நடுவில், எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, அவர் பசைக்கு எட்டாத ஒரு புத்தகம் என் கண்ணில் பட்டது. மார்க்கெட்டில் அப்பளக் கடை வாசலில் கயிற்றில் தொங்கியது. மட்டமான காகிதம், அட்டையில் மை கொஞ்சம் கலைந்திருந்தது. ஆனால் அந்த அட்டையில் ஒரு பெண், பேண்ட்டும் முழுக்கைச் சட்டையும் போட்டு, பின்னலைக் கொண்டையாகச் சுருட்டிக்கொண்டு, லாஞ்சு என்கிற மோட்டார் படகின் சக்கரத்தைப் பிடித்து நின்றாள். ‘லாஞ்சு லட்சுமி’. டிராம்பே கழிமுகத்தில் தங்கம் கடத்துகிறவர்களைத் துரத்திப் பிடிக்கிற படக்கதை. அதுவரை நான் பார்த்த படக்கதைகளில் பெண்கள் கிணற்றில் விழுவார்கள், அல்லது யாராவது தூக்கிக்கொண்டு போவார்கள். இவள் டீசல் வாசனையோடு, வாய் நிறைய வெற்றிலையோடு, தூக்க வந்தவனைத் தண்ணீரில் தள்ளினாள். கடைக்காரரிடம் கேட்டதில், தாராவியில் ஊதுபத்தி லேபிளும் கல்யாண அட்டையும் அடிக்கிற ஒரு திருநெல்வேலி பாய் தன் கைக்காசைப் போட்டுக் கொண்டுவருகிறார் என்று தெரிந்தது.

இரண்டாவது புத்தகம் முடிந்த இடத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. லட்சுமியைக் கட்டிப் போட்டு லாஞ்சில் ஓட்டை போட்டுவிட்டார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. அவள் முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் தானாக அவிழ்த்துக்கொண்டு வருவாளா என்பதைத் தவிர எனக்கு அந்த மாதம் வேறு கவலை கிடையாது.

அக்காவுக்குத் தையில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. கல்யாண அட்டைக்குச் சொல்ல அப்பா அதே பிரஸ்ஸுக்குப் போனார். அழுது அடம்பிடித்து நானும் போனேன். செக்ரட்டரி மாமாவும் வந்தார். எங்கள் தெருவில் அட்டை, ரசீதுப் புத்தகம், ஆண்டுவிழா நோட்டீஸ் எல்லாம் எங்கே அடிப்பது என்று தீர்மானிப்பவர் அவர்தான். அவருக்குப் பை தூக்குவதை அப்பா ஒரு பதவியாகவே நினைத்திருந்தார். பிரஸ் ஒரே அறை. பாய் மிஷினருகே நின்றார். மூலையில் மேஜையில் அவர் மனைவி மைக்கூடும் தூரிகையுமாக உட்கார்ந்திருந்தாள். லட்சுமியை வரைகிறவளே அவள்தான் என்று மேஜையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மாமாவுக்குப் புரியவில்லை. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பொம்மனாட்டி பேண்ட் போட்டுக்கொண்டு படகு ஓட்டுவது பற்றி அவர் பாய்க்கு வெகுநேரம் பாடம் எடுத்தார். பிறகு தயாள குணம் வந்து ஒரு வழி சொன்னார்.

“அவளைக் காப்பாத்த ஆம்பளைன்னு ஒருத்தன் வேண்டாமா? ஒரு அண்ணாவைப் போடுங்கோ, பாய். எங்க மனுஷா எல்லார் ஆத்துலயும் வாங்குவா. நான் சொன்னா வாங்குவா.”

பாய் தயங்கினார். மூலையிலிருந்து அவள் சொன்னாள்: “அண்ணன்தானே, போட்டுட்டாப் போச்சி.” மாமா அப்போதும் அவளைப் பார்க்கவில்லை. அவள் அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது புத்தகத்தில் அண்ணன் வந்தான். கறுப்புக் கோட்டு, தங்க பிரேம் கண்ணாடி, குடை, மூக்கின் இடப்பக்கம் மரு. கட்டை அறுத்துத் தங்கையைக் கரை சேர்த்து, லாஞ்சின் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அடுப்படியைப் பார் என்றான். நான் அழுதுவிட்டேன். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுக்கட்டாக வாங்கி ஆண்டுவிழாவில் வீட்டுக்கு வீடு கொடுத்தார். மேடையில் மூக்கின் இடப்பக்கத்தையே காட்டிக்கொண்டு நின்றார்.

நான்காவது புத்தகத்தை அப்பளக் கடையில் நின்றபடியே படித்துவிட்டேன். கடத்தல்காரர்களின் தலைவனே அந்த அண்ணன்தான். குடைக்குள் தங்க பிஸ்கட். கண்டுபிடித்த லட்சுமியை அதே கயிற்றால் மறுபடி கட்டிப் போட்டான். ஒரு பக்கம் முழுக்க அவள் பல்லும் அந்த முடிச்சும்தான். முடிச்சு அவிழ்ந்தது. அடுத்த பக்கத்தில் அண்ணன் குடையோடு சேற்றில் கிடந்தான். லாஞ்சு தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

மாமா வீடு வீடாக வந்து, தான் கொடுத்த மூன்றாவது புத்தகத்தைத் திருப்பிக் கேட்டார். எல்லாரும் தொலைந்துவிட்டது என்றார்கள். அவர் படியிறங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்கள். என் அப்பாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவ்வளவுதான் அவர்கள் வீரம். இனி யாரும் அந்தப் பிரஸ்ஸுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று மாமா சொன்னார். சிரித்த வீடுகள் அத்தனையும் சரி என்றன. மாமாவை நான் வெறுத்ததில்லை. அந்த வெறுப்புக்குக்கூட அவர் பெறமாட்டார். மறைவில் சிரித்துவிட்டு நேரில் தலையாட்டிய இவர்களை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வாய் கசக்கிறது.

அக்காவின் அட்டைக்கு எழுதிக் கொடுத்திருந்த வாசகத்தைத் திரும்ப வாங்க அப்பா போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். அப்பா பாயிடம் தணிந்த குரலில், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். பாய் தாளை எடுத்துக் கொடுத்தார். நான் மூலைக்குப் போய், அடுத்த புத்தகம் வருமா என்று கேட்டேன்.

“தெரியலம்மா. ஒங்க ஆளுக வேல குடுத்த காசுலதான் புக்குக்குப் பேப்பர் வாங்கினோம்.” தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “அதுக்கு ஏன் மூஞ்ச தொங்கப் போடுத? அவ கட்ட அவளே அவுத்துட்டால்லா. இனி எவன் வந்து என்ன செய்ய?”

அடுத்த புத்தகம் வரவில்லை. அன்று வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்ததும், தான் பாயிடம் அப்படிச் சொன்னதை மாமா காதில் போட்டுவிடாதே என்று அப்பா கேட்டுக்கொண்டார். சாலையைக் கடக்கக் கையை நீட்டினார். நான் பிடித்துக்கொள்ளாமல் தனியாகவே கடந்தேன்.