ஒரு ஸ்க்ரூவுக்கு ஒரு திருப்புளி

என் வீட்டுக்காரர் தனசிங்கைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வராது. தாம்பரம் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். குடிக்க மாட்டார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவறவிட மாட்டார். அதோடு நிறுத்திக்கொண்டால் நல்ல மனுஷன்தான். வாயைத் திறந்தால்தான் வம்பு. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் அவரோடு சண்டை போடாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் புதிதாகக் குடிவந்தவராக இருப்பார்.

அவருக்கிருந்த ஒரே பைத்தியம் பழைய துப்பாக்கி. லைசென்ஸ் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள், தாத்தா காலத்துத் துப்பாக்கிகளைக் கழற்றிச் சுத்தம் செய்ய அவரை வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். துணிச்சுருளில் திருப்புளிகளைச் சுற்றிக்கொண்டு போவார். எல்லாம் பழைய அரங்களைச் சாணையில் தேய்த்து அவரே செய்தவை. கடையில் விற்கும் திருப்புளி அவருக்கு ஆகாது. அதன் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும்; ஸ்க்ரூத் தலையில் உள்ள காடிக்குள் அடிவரை இறங்காமல் மேலேயே தொத்திக்கொண்டு நிற்கும்; திருகினால் வழுக்கி ஓரத்தைப் பிய்த்துவிடும் என்பார். பழைய வெள்ளைக்காரத் துப்பாக்கிகளில் அந்தக் காடி நூல் மாதிரி மெல்லிசாக இருக்குமாம். அதனால் தலையின் அகலத்தையும் காடியின் ஆழத்தையும் பார்த்து ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் தனித் திருப்புளி. சொருகிவிட்டுக் கையை எடுத்தால் அது தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மறுபடி சாணை. அந்தக் கரகர சத்தத்திலேயே என் பாதி ஆயுசு போயிற்று. எனக்குச் செருப்பு வாங்கும்போது இந்த மனுஷன் இதில் கால்வாசி அளவு பார்த்திருந்தால் என் காலில் கொப்புளம் வந்திருக்காது.

ஆனால் அவர் மனசு கிடந்தது ஒரே ஒரு துப்பாக்கியில். அது அவருடைய அப்பாவுடையது. குழல்வாயில் மருந்து கிட்டித்துச் சுடுகிற இரட்டைக்குழல். மாமனார் இறந்தபோது, மூத்தவர் என்று என் மச்சாண்டார் ஜெபராஜின் பெயருக்கு லைசென்ஸ் போயிற்று. துப்பாக்கியும் மாடம்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போயிற்று. "துடைக்கத் தெரியாதவனுக்கு எதுக்குத் துப்பாக்கி?" என்று துக்க வீட்டிலேயே இவர் கேட்டார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. இரண்டு பேருக்கும் ஒரே கோயில்தான். ஆனால் திருவிருந்துக்கு ஒருவர் எழுந்தால் மற்றவர் உட்கார்ந்துகொள்வார்.

எழுபத்திரண்டு வயதில் ஜெபராஜுக்குக் கண்ணில் புரை விழுந்தது. லைசென்ஸைப் புதுப்பிக்க அவருக்கு இஷ்டமில்லை. அவர் மனைவி புஷ்பம் தாம்பரம் மார்க்கெட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜோதி, தம்பிக்கே குடுத்துடறேங்கிறார். திங்கக்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் பேர் மாத்த எழுதிக் குடுப்பாராம். இல்லேன்னா சரண்டர் பண்ணிடுவாராம். அதுக்கு முன்னாடி உன் வீட்டுக்காரரை எங்க வீட்டுக்கு வந்து மரியாதையா வாங்கிக்கச் சொல்லு. அது போதும்."

சரண்டர் செய்ததை உடைத்து உருக்கிவிடுவார்கள் என்று இவர் எப்போதும் சொல்வார். அதனால் செய்தியைக் கேட்டதும் முகம் முழுக்கச் சிரிப்பு. கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காத சிரிப்பு. "அங்க வாயைத் திறக்காதீங்க. 'சரிண்ணா', அதை மட்டும் சொல்லுங்க" என்று மாடம்பாக்கம் போகிற வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போனேன். தலையாட்டினார்.

ஜெபராஜ் மேசைமேல் புதுத் துண்டு விரித்துத் துப்பாக்கியை வைத்திருந்தார். எண்ணெயில் பளபளத்தது.

"ரொம்ப நாளா சும்மா கிடந்தது. நீ கொண்டுபோறப்ப நல்லா இருக்கணும்னு நானே கழட்டி, துடைச்சு, எண்ணெய் போட்டேன்டா" என்றார். அந்த மனிதர் ஒரு வேலையைத் தானாகச் செய்து நான் பார்த்ததே இல்லை. தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்திருக்கிறாரே என்று எனக்கே மனசு இளகியது.

இவர் குனிந்து பார்த்தார். பக்கத் தகட்டில் இருந்த பெரிய ஸ்க்ரூவின் காடி பிய்ந்து பிசிறு எழும்பியிருந்தது. தகட்டின் பூவேலைக்குக் குறுக்கே ஒரு கீறல். நான் இவர் முழங்கையைக் கிள்ளினேன்.

"எதை வச்சுக் கழட்டினே?"

"புஷ்பத்தோட தையல் மெஷின்ல ஒரு திருப்புளி இருக்குமே, அதான்."

"தையல் மெஷின் திருப்புளியா? உனக்குக் கண்ணுதான் போச்சுன்னு நினைச்சேன். மூளை எப்பவோ போயிடுச்சு. அப்பாவைக் குழியிலருந்து தோண்டி எடுத்துக் கீறியிருந்தாகூட எனக்கு இவ்ளோ வலிக்காது."

புஷ்பம் காப்பியோடு அப்படியே நின்றாள். ஜெபராஜ் துண்டின் முனைகளை மடித்துத் துப்பாக்கியை மூடினார்.

"எழுந்து போடா வெளியே. இது ஸ்டேஷனுக்கே போகட்டும். உருகிப் போனாலும் உன் கைக்கு வராது."

"போகட்டும். இந்தக் கோலத்தில எனக்கு வேணாம்."

பாவி மனுஷன். அதைச் சொல்லும்போதும் அவர் கை துண்டின்மேல்தான் இருந்தது. ஜெபராஜ் அந்த விரல்களைப் பிடித்துத் தள்ளிவிட வேண்டியிருந்தது.

சொன்னபடியே திங்கட்கிழமை ஜெபராஜ் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார். புஷ்பம் ஆள்விட்டுச் சொல்லியனுப்பினாள். அன்று சாயங்காலம் இவர் சாணைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். சோற்றை வைத்துவிட்டு, எனக்குள் அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"அந்த ஸ்க்ரூ கெட்டா கெட்டதுதானா? வேற செய்ய முடியாதா?"

"ஏன் முடியாது? புதுசு கடைஞ்சு போட்டுடலாம்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அரை மணி."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இவருக்காக ஒரு சொட்டுக்கூட இல்லை. தெரியாத கண்ணோடு, தம்பி கொண்டுபோகும்போது நன்றாக இருக்க வேண்டுமே என்று அந்த ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஜெபராஜை நினைத்துத்தான் அழுதேன்.