தலைக்கு மேலே ஒரு கமரா

நிலத்தில் நின்று படம் எடுக்கிறவனுக்கு முதுகு நோகும், பறக்கும் கமரா வைத்திருக்கிறவனுக்குக் கழுத்து நோகும், இரண்டையும் செய்கிறவனுக்கு எங்கே நோகிறதென்று வைத்தியரிடம் சொல்லத் தெரியாது.

மன்னாரில் இருபது வருடமாக ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். கொஞ்சக் காலமாகக் கலியாணம் பேச வந்தவர்கள் கதிரையில் இருக்க முன்னமே "ட்ரோன் இருக்கோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இல்லையென்றால் இருக்காமலே திரும்பினார்கள். என் சொந்த மச்சாளே தன் மகளின் கலியாணத்துக்கு வேறு ஊர்ப் பெடியன்களைப் பிடித்தார். எனக்குச் சாப்பாட்டுக்கு மட்டும் அழைப்பு வந்தது. கலியாண வீடுகள் கைவிட்டால் மிஞ்சுவது அடையாள அட்டைப் படம்தான், அதை நம்பி ஸ்ரூடியோவைத் திறந்து வைத்திருக்க முடியாது. ஆகவே நானும் ஒன்றை வாங்கினேன். நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு புதுச் சாமான் ஒன்றை வாங்கி, அதன் விளக்கப் புத்தகத்தை மூக்குக் கண்ணாடியோடு வாசித்துப் பார்த்த அன்பர்களுக்கு மீதியை விளக்கத் தேவையில்லை.

முதல் ஓட்டம்

பழகுவதற்குத் தாராபுரத்துக்கு அங்கால உள்ள வெட்டைவெளியைத் தெரிந்தெடுத்தேன். அங்கே கழுதைகளைத் தவிர சிரிக்க ஆளில்லை என்று நினைத்தேன். அது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலம். ட்ரோன் நான் சொல்ல முன்னமே சொன்ன பக்கம் போனது. எனக்குக் கை வாய்த்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. திருப்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. அது என்னைப் பார்த்தபடி வானத்தில் நின்ற இடத்திலேயே நின்றது. பற்றறி மட்டும் இறங்கிக்கொண்டு வந்தது. கடைசியில் அது கரையோரம் தானாகக் குந்த, நான் மணலில் அரை மைல் ஓடினேன்.

அதற்குப் பக்கத்தில் ஒருவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கி முடியும் வரைக்கும் பொறுமையாக இருந்துவிட்டுச் சொன்னார்: "போகேக்க காத்துக்கு எதிரா விடுங்கோ அண்ணை, வரேக்க காத்தே கொண்டுவந்து தரும். வள்ளம் விடுற எங்களிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்தானே."

கடிதம்

ட்ரோன் பறப்பதற்கு முன் கடிதம் பறக்க வேண்டும். இன்ன திகதி, இன்ன வீடு, இவ்வளவு உயரம் என்று எழுதி ஒவ்வொரு அரச கந்தோராகக் கொண்டு திரிய வேண்டும். முதலாவதாக ஒரு கலியாண ஊர்வலத்தை மட்டும் எடுக்கக் கேட்டார்கள், அதற்கு நான் மிகக் கவனமாக எழுதினேன். தாலி கட்டும் நேரம், ஊர்வல நேரம், மாப்பிள்ளையின் முழுப்பெயர் எல்லாம் போட்டேன். ஒரு கந்தோரில் ஐயா ஒருவர் அதை இரண்டு முறை வாசித்தார். முகத்தில் குறையும் இல்லை, நிறைவும் இல்லை.

பிறகு பேனையைத் திறந்து, கையெழுத்து வைக்காமல் மூடினார். "ஏறுற நேரம் வடிவா எழுதியிருக்கிறீங்கள். இறங்குற நேரத்தை எழுதேல்லை. அப்ப அது மேலயே நிக்குமோ?"

பெருநாள்

எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் பெருநாள். மாதாவின் சிலையை, நாங்கள் சொல்லும் சுருவத்தை, கூரை போட்ட கூட்டில் வைத்துத் தெருவழியே சுற்றி வருவார்கள். இத்தனை வருடமும் கூட்டுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து படம் எடுத்தவன் நான். இரண்டு தரம் வாய்க்காலுக்குள்ளும் விழுந்திருக்கிறேன். இந்தமுறை மதில் நிழலில் சொகுசாக நின்றுகொண்டு, கூட்டுக்கு நேர் மேலே கமராவை நிறுத்தினேன். சனம் ஆறு மாதிரி வளைந்து போனது. எனக்கே கண் கலங்கியது.

மறுநாள் மூப்பரும் கோயில் சபையும் இருந்து பார்த்தார்கள். திரையில் குடைகள் வந்தன, வழுக்கைத் தலைகள் வந்தன, கூட்டின் கூரையில் மின்குமிழ் வயரைச் சுற்றி ஒட்டிய கறுப்பு நாடா வந்தது. நாற்பது நிமிடமும் அதுதான். மூப்பர் எழும்பி, சால்வையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "குறை சொல்லேலாது. மாதாவின்ர முகத்தைத் தவிர மற்றதெல்லாம் எடுத்திருக்கிறீங்கள்."

குடிபூரல்

நானாட்டானில் ஒருவர் புதுவீடு கட்டிக் குடிபுகுந்தார். வீட்டை மேலேயிருந்து எடுத்துப் பெரிதாகச் சட்டம் போட்டுத் தரச் சொன்னார். சிவப்பு ஓடு, சுற்றிவரப் பச்சை வயல். நான் எடுத்த படங்களில் அதுதான் திறம் என்று இன்றைக்கும் சொல்வேன். வீட்டுக்காரர் ஸ்ரூடியோவுக்கு வந்து படத்தைக் கையில் வாங்கினார். ஓட்டையும் பார்க்கவில்லை, வயலையும் பார்க்கவில்லை. மூக்கைப் படத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அங்கே பக்கத்து வளவு வேலி, நிலத்தில் நின்று பார்த்தால் நேராகத் தெரிகிற வேலி, சாப்பிட்ட வயிறு மாதிரி இவருடைய பக்கம் புடைத்திருந்தது.

"இதில வீட்டை வெட்டிப்போட்டு, வேலியை மட்டும் பெரிசாக்கித் தாங்கோ," என்றார்.

பாப்பாமோட்டை

இத்தனைக்கும் பிறகு முழுக் கலியாணம் ஒன்று எனக்கென்று வந்தது பாப்பாமோட்டையில்தான். பொம்பிளையின் தமையன் கனடாவிலிருந்து நேரடியாகப் பேசினார். வீட்டையும் பந்தலையும் வானத்திலிருந்து பார்க்க வேண்டும், அது இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்றார். இது சரிவந்தால் அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் எனக்கு. பிழைத்தால் நான் மறுபடியும் அடையாள அட்டை.

காலையில், சமையல் நடந்துகொண்டிருந்தபோது ட்ரோனை ஏற்றினேன். சத்தம் வளவுக்கு மேலே வந்ததும் பேச்சு நின்றது. பொம்பிளையின் தாய் அரிவாளைப் போட்டுவிட்டு, விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சுவரோடு குந்திவிட்டார். யுத்தகாலத்தில் வேவு விமானம் இப்படித்தான் தலைக்கு மேலே இரைந்துகொண்டு நிற்குமாம். அது அப்படி நின்றால் பின்னால் செல் குண்டு வருமாம். வன்னிச் சனம் அதை வண்டு என்று சொல்லும். நான் அப்போது மன்னார்த் தீவில் இருந்தவன், கேள்விப்பட்டதோடு சரி. காற்றைப் பார்த்தேன், கடிதம் எடுத்தேன், அந்த வளவில் நின்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. உடனே இறக்கிப் பெட்டிக்குள் வைத்தேன். தமையனுக்கு என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டு வாழைமரத்தடியில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தார். "மகன் ஆசைப்பட்டுக் கேட்டவன். ஏத்துங்கோ. ஆனா அதில என்ன தெரியுதெண்டு நான் பாக்கவேணும்," என்றார். ஏற்றினேன். அவர் எனக்குப் பக்கத்தில் நின்று சின்னத் திரையைப் பார்த்தார். பந்தல் தெரிந்தது. கிணற்றடியில் கட்டியிருந்த மாடு தெரிந்தது. அவருடைய தங்கச்சியின் சிவப்புச் சீலை, படலையடியில் ஓடிய பிள்ளைகள் எல்லாம் தெரிந்தன, என் பக்கத்தில் நின்ற அவரும் தெரிந்தார். கையைத் தூக்கிப் பார்த்தார். திரையிலும் கை சுணங்காமல் எழும்பியது. பிறகு திரையில் மாட்டையும் பிள்ளைகளையும் விரலால் தொட்டுக் கேட்டார்:

"மாடு எது, ஆக்கள் ஆர், பிள்ளையள் ஆர் எண்டு இவ்வளவு வடிவாத் தெரியுமோ தம்பி? அப்ப வண்டு விட்டவங்களுக்குத் தெரியாதாக்கும் எண்டெல்லோ நாங்கள் நினைச்சனாங்கள்."

வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் "ஒரு கிழமை செல்லும்" என்று சொல்லி இருபது வருடம் தப்பி வந்தவன், அன்றைக்கு ட்ரோனை இறக்கி, சார்ஜ் நிறைய இருந்த பற்றறியைக் கழற்றி மாற்றிக்கொண்டு நின்றேன்.