பெரியவர்களை வைத்து வெடிக்கவும்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். பட்டாசுப் பெட்டி லேபிள்தான் முக்கால்வாசி வேலை. இடையிடையே கல்யாணப் பத்திரிகை. சீசன் நேரத்தில் ஒருநாள் காலை, நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து ஃபோன். அவர்கள் பெட்டியைப் பார்த்த டீச்சர் ஒருவர் கூப்பிட்டுத் திட்டினாராம். ‘குழந்தைகள் பெரியவர்களை உடன் வைத்து வெடிக்கவும்’ என்ற வரியில் ‘உடன்’ விடுபட்டிருந்தது.

முதலாளிக்கு வியர்த்துவிட்டது.

“ஏம்மா, இன்னும் எந்தெந்த லேபிள்ல இப்படி இருக்கோ? ஒவ்வொரு ஃபைலாத் தொறந்து பாத்தா தீபாவளியே முடிஞ்சிருமே.”

“தொறக்கவே வேண்டாம் அண்ணாச்சி. ஒரே வரி போதும்.”

ஃபைல்களுக்குள் புகுந்து சொல்லைத் தேடும் கிரெப் என்ற கட்டளையை அப்போதுதான் கற்றிருந்தேன். காட்டிக்கொள்ளவும் ஆசை. கறுப்புத் திரையைத் திறந்து, ‘பெரியவர்களை வைத்து’ என்று அடித்துத் தேடவிட்டேன். ஒன்றும் வரவில்லை.

முதலாளி உடனே ஃபோனை எடுத்தார். “எங்க பக்கம் தப்பே இல்ல. கம்ப்யூட்டரே சொல்லிருச்சு. அந்த டீச்சரம்மாவைக் கண்ணாடி மாத்தச் சொல்லுங்க.”

“பெட்டி என் கையிலதான்யா இருக்கு!” என்று அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் லேபிள்கள் பழைய ஃபாண்டில் அடித்தவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் ஃபைலுக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகள்; ‘வெடி’ என்பது உள்ளே வெறும் என், டி, பி. அந்தக் கணக்கில் மறுபடி அடித்தேன். ஃபைல் பெயர்கள் திரையை நிறைத்துக்கொண்டு ஓடின.

முதலாளி குரலை இறக்கினார். “கம்ப்யூட்டர் இப்பம் வேற மாதிரி சொல்லுது.”

புதிய வரியை ஸ்டிக்கராக அடித்து நாரணாபுரத்துக்கு நானே கொண்டுபோனேன். கூட உட்கார்ந்து ஒட்டிய ஓர் அக்கா பழைய வரியை வாசித்துப் பார்த்தார். “இந்த வருசம் எங்க மாமியாரை வச்சுரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஸ்டிக்கரைக் கொண்டாந்துட்டீகளே.” பசை வாளியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

மறுநாள் முதலாளி என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“‘தவறு’ன்னு தேடும்மா. எங்கெங்க தவறு இருக்குன்னு மொத்தமாத் தெரிஞ்சிரும்ல?”

சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. எப்படி எழுதியிருந்தாலும் அகப்படட்டும் என்று முதல் இரண்டு எழுத்தை மட்டும் அடித்தேன். கல்யாணப் பத்திரிகைகள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாவற்றிலும் ‘தவறாது வருகை தந்து’.

“அடப்பாவி,” என்றார். “அம்புட்டுலயுமா?”