காரை விற்றவர் பஸ்ஸில் போகிறார்

இன்று காலை பாடசாலைக்குப் போகும்போது, கந்தப்பளை தாண்டி ஒரு வளைவில் என் கார் நின்றுவிட்டது. முன்னால் பின்னால் எதுவும் தெரியாத பனிமூட்டம்.

போன மாதம்தான் மலிவாக வாங்கிய பழைய கார். டிரைவர் கதவு உள்ளேயிருந்து திறக்காது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத்தான் திறக்க வேண்டும். இன்று கண்ணாடியும் இறங்கவில்லை. இடப்பக்கக் கதவை மண்மேடு அடைத்திருந்தது. பின்கதவுகள் நான் வாங்கியதிலிருந்தே திறந்ததில்லை.

பின்னால் ஏதாவது லொறி வந்தால்? ஹோனை அடித்துக்கொண்டே இருந்தேன்.

நல்லவேளை, பஸ் ஒன்று வந்து நின்றது. கண்டக்டர் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்.

"எறங்குங்க டீச்சர்!"

"உள்ள இருந்து தொறக்காதுங்க! நீங்கதான் தொறந்து விடணும்!"

திறந்துவிட்டார். அழாத குறையாக இறங்கினேன். காரைத் தள்ள பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். அதில் ஒருவர், எனக்கு இதை விற்ற ராஜு அண்ணன்.

"வண்டி எப்புடி ஓடுது டீச்சர்?"

"பாக்குறீங்கதானே அண்ணே. நீங்க இப்ப எதுல போறீங்க?"

"பஸ்லதாம்மா. நிம்மதியா இருக்கு."

நான் மறுபடி ஏறியதும் அவரே வெளியிலிருந்து கதவைச் சாத்தினார். எல்லோரும் தள்ள, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

இப்போது பாடசாலை வாசலில் இருக்கிறேன். எல்லோரும் காலைக் கூட்டத்தில் நிற்கிறார்கள். இதைப் பார்க்கும் டீச்சர்மார் யாராவது தயவுசெய்து வந்து கார்க் கதவைத் திறந்துவிடுங்கள்.