பச்சை பெல்ட்டுக்குள் பட்டன் கத்தி

எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரு லாரிப் பட்டறையில் எடுபிடி வேலை பார்த்தேன். ஒரு நாள் ஒரு கிளீனர் எலுமிச்சம்பழம் நறுக்கப் பட்டன் கத்தியை எடுத்தான். பொத்தானை அழுத்தியதும் அலகு தானாக வெளியே வந்து நின்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் உடைந்த கத்திகளாகப் பார்த்து வாங்கினேன். பிரித்தேன், பழைய கடிகாரத்து ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டேன், திரும்பப் பூட்டினேன். யாரும் சொல்லித்தரவில்லை. விரலெல்லாம் தழும்பு. யாரையும் குத்தும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. ஆனால் பட்டன் கத்தி வைத்திருப்பவனை ரவுடி என்றுதான் ஊர் சொல்லும், போலீஸும் சொல்லும்.

வீட்டுக்கார டீச்சரும் அப்படித்தான் நினைத்தார். அவர் வீட்டுப் பின்புறத்து அறையில்தான் நான் குடியிருந்தேன். அதற்கு முன் லாரிக்கு அடியிலும் ஸ்டேஷன் பெஞ்சிலும் படுத்தவன் நான். கதவுள்ள இடம் அதுதான் முதல். ஒருமுறை என் பாய்க்கடியில் ஒரு கத்தியைப் பார்த்துவிட்டு, இன்னொன்று கண்ணில் பட்டால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க அந்த வீட்டில் எல்லா அறைகளையும் ஒழித்துப் போடுவார்கள். அந்த வருஷம் ஒழித்த அன்று விடிந்ததும் என் கதவையும் தட்டினார்கள். அப்போதுதான் ஒரு கத்திக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். மெஷின் எண்ணெய் தீர்ந்துபோனதால், தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெயை ஈர்க்குச்சியால் தோண்டி எடுத்துப் போட்டேன். மார்கழிக் குளிரில் அது சீசாவுக்குள் வெள்ளையாக உறைந்திருந்தது. கத்திக்குள்ளும் உறையும் என்று தோன்றவில்லை. அவசரமாக மடக்கினேன். பொத்தானின் முனை அலகில் இருக்கும் குழிக்குள் விழுந்தால் 'டிக்'கென்று கேட்கும். அன்று மந்தமாக ஏதோ கேட்டது. லுங்கிக்கு மேல் கட்டியிருந்த பச்சை பெல்ட்டின் பைக்குள் அதைச் செருகி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த மந்தமான சத்தம் காதை விட்டுப் போகவில்லை. குழியில் எண்ணெய் கட்டியாக நின்றிருந்தால் முனை பாதிதான் இறங்கியிருக்கும். ஓர் அசைவு போதும். வயிற்றை எக்கிக்கொண்டே மூட்டை தூக்கினேன், பீரோ நகர்த்தினேன். பிறகு வாசலில் காகித நட்சத்திரம் கட்ட ஸ்டூல் மேல் ஏறச் சொன்னார்கள். டீச்சரின் கணவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். ரயில்வே ஆபீசில் கிளார்க்.

"கிழக்குல வரவேண்டிய நட்சத்திரம்ப்பா. நீ கக்கூஸ் பக்கம் திருப்பறியே" என்றார்.

சிரிக்கப் பயந்து கையை உயர்த்தினேன். வயிற்றில் டக்கென்று ஒரு அடி. பெல்ட்டைக் கிழித்துக்கொண்டு, சட்டைக்குக் கீழே அலகின் நுனி தெரிந்தது. இடுப்பில் எரிந்தது. நட்சத்திரத்தை விடாமல் நின்றேன்.

"டீச்சர், உன் குடித்தனக்காரனுக்கு வால் முளைச்சிருக்கு" என்றார் அவர்.

டீச்சர் சிரிக்கவில்லை. என்னை இறங்கச் சொல்லி, காயத்துக்குத் துணி கொடுத்தார். கத்தியை என்னையே மடக்க வைத்து வாங்கித் தையல் மெஷின் டிராயரில் போட்டு மூடினார். மடக்கும்போதும் அதே மந்தமான சத்தம்.

"பண்டிகை நாளா இருக்கு, போனா போகுதுன்னு விடறேன். காலி பண்ணற அன்னிக்குக் கேளு, தரேன்."

"லாக் சரியா விழல டீச்சர். துடைச்சு மடக்கித் தரேன்."

"அதெல்லாம் சாக்கு. நடுவுல கத்தியக் கேட்டா ரூம் இல்ல."

அறை மிஞ்சியது. வெள்ளையடித்து முடித்ததும் சுண்ணாம்பு வாசனையோடு பாயை விரித்துப் படுத்தேன். முன் அறையில் மெஷின் ஓடத் தொடங்கியது. பண்டிகைக்கு ஜன்னல் திரை தைத்துக்கொண்டிருந்தார். மெஷின் ஓடினால் டிராயரும் அதிரும். நூல்கண்டும் பாபினும் அந்த டிராயரில்தான். மெஷின் நிற்கும்போதெல்லாம், கையை உள்ளே விடப்போகிறார் என்று எழுந்து உட்கார்ந்தேன். திரும்ப ஓடினால் படுத்தேன். வெயில் ஏறியது. எண்ணெய் இளகினால், பாதியில் நிற்கும் முனை அதிர்வில் வழுக்கிவிடும்.

மெஷின் மறுபடி நின்றது. எழுந்து ஓடினேன். டீச்சரின் கை டிராயர் பிடியில் இருந்தது.

"கத்தியக் குடுத்துடுங்க டீச்சர்."

கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "சுவத்துல சுண்ணாம்பு கூடக் காயல. அதுக்குள்ள காலி பண்ணறியா?"

"ஆமா டீச்சர். நானே எடுத்துக்கறேன்."

அவர் கையை விலக்கிக்கொண்டார். டிராயரை மெல்ல இழுத்தேன்.